குளோரியின் பதினேழு பெட்டிகள்

குளோரி இறந்தபிறகு அந்த வீட்டில் குறைவில்லாமல் இருந்த ஒரே பொருள் தண்ணீர்தான்.

சோறு குறைந்தது. பேச்சு குறைந்தது. தேங்காய் துருவுகிற சாதனம் எங்கே இருக்கிறது என்ற அறிவு வீட்டிலிருந்து அடியோடு எடுபட்டுப் போனது. ஆனால் மொட்டைமாடியில் இருந்த பதினேழு பெட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஒருநாள்கூடத் தவறவில்லை. ஊற்றியவர் குளோரியின் புருஷன் கிளீட்டஸ். ஐம்பத்தெட்டு வயது. மீன் வியாபாரம். அதுவரைக்கும் தன் ஆயுளில் எந்தச் செடிக்கும் ஒரு கை தண்ணீர் தெளித்தவரல்ல.

கிளீட்டஸ் கடற்கரைக்காரர். ஒன்பது வருடத்துக்கு முன்பு அருமனைக்குப் பக்கத்தில் ஐந்து சென்ட் வாங்கி வீடு வைத்துக் குடும்பத்தோடு மேலேறி வந்தார். வந்தாரே தவிர, அவருடைய பாதி உடம்பு கடற்கரையில்தான் கிடந்தது. கிழக்கு வெளுப்பதற்கு முன்பே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தேங்காய்ப்பட்டணம் போவார். சாளையோ அயிலையோ வாங்கி, தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் போட்டு, பின்னால் கட்டி அருமனைச் சந்தைக்கு வருவார். மதியம் வீடு. ரப்பர் மரங்களுக்கு நடுவில் அப்படி ஒரு உப்பு வாசனை போவதும் வருவதுமாக இருந்தது.

ஊர் மாறியதை முழுசாக எடுத்துக்கொண்டவள் குளோரிதான். பிறந்ததிலிருந்து மணலைப் பார்த்தவள். இங்கே கம்பை ஒடித்துக் குத்தி வைத்தால் தளிர்க்கிறது என்பதை அவளால் முதல் ஒரு வருடம் நம்பவே முடியவில்லை. நம்பியபிறகு நிறுத்தவும் முடியவில்லை. கிளீட்டஸ் கழித்துப் போடும் மீன் பெட்டிகளைக் கழுவி மாடிக்கு ஏற்றினாள். செம்மண்ணும் சாணிப்பொடியும் நிரப்பினாள். புதினா, மல்லி, துளசி, பனிக்கூர்க்கை என்று அங்கே சொல்லும் கற்பூரவல்லி. பங்குக் கோயிலிலிருந்து கொடைக்கானலுக்குச் சுற்றுலா போனபோது எல்லாரும் சாக்லேட் வாங்கி வர, இவள் ஒரு ரோஸ்மேரிக் கன்றை மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். பஸ்ஸில் ஒருத்தரையும் பக்கத்தில் உட்கார விடவில்லை என்று கேள்வி.

கிளீட்டஸ் மாடிக்குப் போனதில்லை. மாடியிலிருந்து இறங்கி வந்ததைச் சாப்பிட்டார், அவ்வளவுதான். துவையலாக வந்தது, ரசத்தில் மிதந்தது. சளி பிடித்தால் பனிக்கூர்க்கை இலையைத் தீயில் வாட்டிப் பிழிந்து ஒரு கரண்டி வரும். முகத்தைச் சுளித்துக் குடிப்பார். அதோடு அவருக்கும் தாவர உலகத்துக்கும் இருந்த தொடர்பு முடிந்தது.

பிப்ரவரி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, சந்தையில் ஒரு டீச்சருக்கு அரைக்கிலோ சாளை நிறுத்துக்கொண்டிருக்கும்போது மகன் ஷிஜின் போன் செய்தான். “அப்பா, அம்மைக்கு ஒருமாதிரி வருது” என்றான். கிளீட்டஸ் போய்ச் சேர்வதற்குள் அந்த ஒருமாதிரி முடிந்துவிட்டது.

மகள் சிந்தியா நர்ஸ். ஓமானில் வேலைக்குச் சேர்ந்து பதினெட்டு நாள்தான் ஆகியிருந்தது. பாஸ்போர்ட் ஏதோ முத்திரைக்காக ஏதோ ஆபீசில் கிடந்தது. அழுதும் பார்த்தாள், மன்றாடியும் பார்த்தாள். முத்திரை அதன் வேகத்தில்தான் வரும் என்றார்கள். அம்மாவின் அடக்கத்தை வீடியோ காலில் பார்த்தாள். ஷிஜின் போனைப் பிடித்துக்கொண்டு நின்றான். பெட்டியைக் கயிற்றில் இறக்குகிற நேரத்தில் கல்லறைத் தோட்டத்தில் சிக்னல் போய், படம் உறைந்துவிட்டது. அவளுடைய அம்மா கீழேயும் போகாமல் மேலேயும் வராமல் கயிற்றில் அப்படியே நின்றாள்.

நாலாம் நாள் சிந்தியா அப்பாவைக் கூப்பிட்டாள்.

“அப்பா, அம்மைக்க செடிய பட்டுப்போவ விடாதீங்க. நான் வரும்போ அம்மை தொட்டது ஒண்ணாவது உசிரோட இருக்கணும்.”

“நான் பாத்துக்கிடுதேன் மக்கா.”

கிளீட்டஸ் தன் வாழ்க்கையில் கொடுத்த வாக்குகள் மிகவும் குறைவு. பூசைப் பீடத்துக்கு முன்னால் குளோரிக்குக் கொடுத்தது ஒன்று. இது ரெண்டாவது.

அன்று மதியமே வாளியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார்.

எவ்வளவு ஊற்றுவது என்பதில் அவருக்குச் சந்தேகம் ஏதும் இல்லை. கடற்கரையில் தென்னம்பிள்ளைக்கு யாராவது ஒரு குடம் ஊற்றினால், மணல் அதை விழுங்கிவிட்டு, இன்னும் ஊற்றவில்லையா என்ற பாவனையில் பார்க்கும். அந்த மணல் தெரிந்தவருக்கு இந்தச் செம்மண் தெரியவில்லை. மேலே ஒரு விரற்கடைக்குத் தண்ணீர் தளும்பி நிற்கும்வரை ஊற்றினார். நின்றால்தான் அவருக்கு மனசு அடங்கியது.

ஊற்றிவிட்டு உடனே இறங்கவும் மாட்டார். முன்பெல்லாம் மதியச் சோற்றுக்கு உட்காரும்போது சந்தைக் கதையைக் குளோரியிடம் சொல்வார். அவள் கேட்டாளா இல்லையா என்று முப்பது வருடத்தில் ஒருநாளும் அவர் யோசித்ததில்லை. இப்போது கதை மிச்சம் இருந்தது, ஆள் இல்லை. வெறும் தரையில் உட்கார்ந்து புதினாவிடம் சொன்னார். “இன்னைக்கு அயில வரல்ல. சாளைதான். ஐஸ்காரன் பின்னையும் சண்டை.” புதினா தலையாட்டியது. காற்றுக்குத்தான். ஆனால் குளோரியும் ஏறக்குறைய அப்படித்தான் ஆட்டுவாள்.

சாயங்காலம் அஞ்சு மணிக்கு போன் வரும்.

“அப்பா, வெள்ளம் விட்டாச்சா?”

“விட்டாச்சு மக்கா.”

“சரி.”

மற்ற மாவட்டக்காரர்கள் கேட்டால் அணையைத் திறந்துவிட்டதாக நினைப்பார்கள். அந்தப் பக்கத்தில் தண்ணீருக்கே வெள்ளம் என்றுதான் பேர். அவள் லீவில் வரும்வரை ஒன்பது மாதமும் அப்பாவும் மகளும் பேசிக்கொண்டது பெரும்பாலும் அவ்வளவுதான். பதினைந்து வினாடி. சில நாள் பன்னிரண்டு.

ஏப்ரலில் இலைகள் மஞ்சளடிக்கத் தொடங்கின. பக்கத்து வீட்டுத் தாணம்மாள் தன் மாடியில் ரப்பர் ஷீட் காயப்போட வருவாள். குளோரியின் கூட்டுக்காரி, நெருங்கிய தோழி. சுவருக்கு அந்தப்பக்கம் நின்று எட்டிப் பார்த்தாள்.

“அண்ணே, எலையெல்லாம் மஞ்சளிச்சுக் கெடக்கே.”

“வெயிலு.”

“வெள்ளம் கூடிப் போச்சோ என்னமோ.”

“கூடல்ல தாணம்மா, குறைஞ்சு போச்சு. தலையத் தொங்கப்போட்டு நிக்குது பாரு, தாகத்துல.”

“அது தாகமாண்ணு அதுக்கிட்ட கேட்டியளா?”

“நீ ஷீட்டப் பாரு.”

வேர் அழுகுகிற செடியும் தாகத்தில் வாடுகிற செடியும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் தலையைத் தொங்கப்போடும். தெரிந்தவர்களே தடுமாறுகிற இடம் அது. கிளீட்டஸ் தடுமாறவில்லை. பெட்டிக்கு ஒரு கப் கூட்டினார்.

முதலில் மல்லி போனது. மல்லி எப்படியும் போகிற செடிதான் என்று அவரே அவருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டார். பிறகு ரோஸ்மேரி அடியிலிருந்து சாம்பல் நிறமாகி மேலே ஏறியது. ஒருநாள் விரலால் தொட்டார், முள்ளு முள்ளாக அத்தனை இலையும் கையில் வந்தது. அந்த இலைகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கீழே வந்து, சாயங்காலம் போனில், “எல்லாம் செழிப்பா நிக்கு மக்கா” என்றார்.

ஜூனில் மழை தொடங்கியது. மழை பெய்கிற நாளிலும் அவர் ஊற்றினார். வானம் ஊற்றுவது வானத்தின் கணக்கு. அவர் வாக்குக் கொடுத்தது வானத்தின் பேரில் இல்லை.

துளசி கறுத்தது. புதினாவின் தண்டு அடியில் நூலாய் மெலிந்து சாய்ந்தது. பனிக்கூர்க்கைதான் கடைசி வரை நின்றது. ஆகஸ்ட் முதல் வாரம் அதுவும் வேகவைத்த வெண்டைக்காய் மாதிரிக் குழைந்து பெட்டியின் ஓரத்தில் படுத்துவிட்டது. பதினேழு பெட்டி மண். பச்சை என்று ஒரு பொட்டு இல்லை.

“அக்கா படம் அனுப்பச் சொல்லுதா” என்றான் ஷிஜின். அவன் மார்த்தாண்டத்தில் ஒரு மொபைல் கடையில் வேலை பார்த்தான். மாடியில் செடி செத்தது தெரியும், தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டான்.

“அனுப்பு.”

“எதை?”

 ஷிஜின் தாணம்மாளின் மாடிக்குப் போய், அவள் வைத்திருந்த துளசியையும் புதினாவையும் நாலு கோணத்தில் எடுத்து அனுப்பினான். அக்கா ஒரு இதயப் படம் திருப்பி அனுப்பினாள்.

அதன்பிறகும் கிளீட்டஸ் மாடி ஏறுவதை நிறுத்தவில்லை. அஞ்சு மணிக்கு மகள் கேட்பாள். விட்டாச்சு என்று சொல்ல வேண்டும். செடி இருக்கிறது என்பது பொய்தான், அதற்குச் செய்ய ஒன்றுமில்லை. ஆனால் தண்ணீர் விட்டது என்பதையாவது பொய்யில்லாமல் சொல்லலாமே. ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் மூன்று மாதமும் பதினேழு பெட்டி வெறும் மண்ணுக்கு ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றினார். ஊற்றிவிட்டு உட்கார்ந்து, அன்றைக்கு என்ன மீன் வந்தது என்று மண்ணிடம் சொன்னார்.

நவம்பரில் சிந்தியாவுக்கு மூன்று வாரம் லீவு கிடைத்தது.

ஒரு வாரத்துக்கு முன்பு கிளீட்டஸ் திற்பரப்புப் போகிற வழியில் இருந்த நர்சரிக்குப் போனார். டெல்வின் என்ற இளைஞன் நடத்துவது. கிளீட்டஸுக்குச் சில செடியின் பெயர் தெரியாது. “முள்ளு மாதிரி எலை, தொட்டா கையில தைலம் மணக்கும்” என்றார். டெல்வினுக்குப் புரிந்தது. பதினேழும் எடுத்து வைத்தான்.

“ஓட்டல் ஏதும் தொடங்கப் போறியளா அண்ணே?”

“மக வாறா.”

“அவ்வளவு புதினா தின்பாளா?”

“சின்னதா இருக்கு தம்பி. ஒரு வருசமா நிக்குற மாதிரி வேணும்.”

டெல்வின் அவர் முகத்தைப் பார்த்தான்.  உள்ளேபோய்ப் பெரிய செடிகளாகப் பார்த்துக் கொண்டுவந்தான். பணம் வாங்கும்போது மட்டும், “மண்ணு காஞ்சா மட்டும் ஊத்துங்க, தெனமும் வேண்டாம்” என்றான். கிளீட்டஸ் பிரசங்கத்துக்குத் தலையாட்டுவதுபோல மரியாதையாக ஆட்டிவிட்டு வந்தார்.

அன்று சாயங்காலம் அப்பாவும் மகனும் சேர்ந்து நட்டார்கள்.

“மல்லி எந்தப் பக்கமாக்கும் நின்னது?” என்றார் கிளீட்டஸ்.

“டாங்குக்குப் பக்கத்துல.”

“ரோஸ்மேரி?”

“மேக்குச் சொவருக்கு ஒட்டி. அம்மை அதுக்கு வெயில் வேணும்பா.”

இவனுக்கு இது எப்படித் தெரிந்தது என்று கிளீட்டஸ் கேட்கவில்லை. குளோரி இருந்த காலத்தில் மாடிக்கு வராதவர் வீட்டில் அவர் ஒருத்தர்தானோ என்று தோன்றியது. தோன்றியதை அடக்கிக்கொண்டு மண்ணை அமுக்கினார்.

சனிக்கிழமை சிந்தியா வந்தாள். முதலில் கல்லறைக்குப் போனாள், வெகுநேரம் இருந்தாள். வீட்டுக்கு வந்து குளித்தாள், நாலு வாய் சாப்பிட்டாள், அம்மாவின் கட்டிலில் படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. மறுநாள் காலைப் பூசை முடிந்து வந்தபிறகுதான், “மாடிக்குப் போவமா அப்பா?” என்றாள்.

கிளீட்டஸ் முன்னால் ஏறினார். 

சிந்தியா ஒவ்வொரு செடியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். துளசியைக் கிள்ளி மோந்தாள்.

“நல்லாத்தான் இருக்கு” என்றாள்.

“தெனமும் வந்து பாப்பேன்.”

ரோஸ்மேரிப் பெட்டியை வெயிலுக்குக் கொஞ்சம் நகர்த்தலாம் என்று தள்ளினாள். அசையவில்லை. குனிந்து ஒரு ஓரத்தைத் தூக்கினாள். பெட்டியின் அடியில் பழுப்பு டேப், ரெண்டு சுற்று, மடிப்பில்லாமல் ஒட்டியிருந்தது.

“இது என்னப்பா?”

“டேப்பு.”

“அது தெரியுது. எதுக்கு?”

“ஒழுவிச்சு மக்கா. ஒவ்வொரு பெட்டியிலயும் ஆறேழு ஓட்டை. உங்க அம்மைக்குப் பெட்டி பாத்து எடுக்கத் தெரியல்ல. மொத நாளே எல்லாத்தையும் சாய்ச்சுவச்சு அடைச்சேன். இனி ஒரு சொட்டு எறங்காது.”

அவர் சொன்னதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. முப்பது வருடம் மீன் பெட்டி சுமந்தவர். பெட்டி ஒழுகினால் பஸ்ஸில் ஏற்ற மாட்டான், சந்தையில் பக்கத்துக் கடைக்காரி சண்டைக்கு வருவாள், ஐஸ் உருகி மீன் கெடும். ஒழுகுகிற பெட்டி ஒரு மீன்காரனுக்கு மானக்கேடு. தன் பெண்டாட்டி அத்தனை ஓட்டைப் பெட்டியோடு கஷ்டப்பட்டிருக்கிறாளே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று அன்றைக்கு அவர் வருத்தப்பட்டார்.

சிந்தியா பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

“அந்த ஓட்டைய அம்மையாக்கும் போட்டா. குடைக்கம்பிய அடுப்புல பழுக்க வச்சு. பெட்டியப் பிடிச்சுக்கிட்டது நான்.”

கிளீட்டஸ் குனிந்து டேப்பைத் தொட்டுப் பார்த்தார்.

“ஊத்துற வெள்ளம் கீழ எறங்கிப் போவணும் அப்பா. போவல்லண்ணா வேரு முங்கிச் சாவும்.” அவள் ஆள்காட்டி விரலை மண்ணுக்குள் விட்டு எடுத்தாள். விரலில் சேறு அப்பியிருந்தது. “அம்மை இப்படித்தான் பாப்பா. மண்ணு ஒட்டினா அன்னைக்கு ஊத்த மாட்டா. ரோஸ்மேரிக்கு வாரத்துல ஒருக்கா, ரெண்டு தடவை. அதும் காலையில, அடி ஓரமா, எலையில படாம.”

“நான் பாத்ததில்ல மக்கா” என்றார் கிளீட்டஸ். அது மன்னிப்புக் கேட்பதுபோல இல்லை. மன்னிப்புக்கு மேலே ஏதோ ஒன்றுபோல இருந்தது.

அப்போது படியில் சத்தம் கேட்டது. ஷிஜின் ஒரு நிறைந்த வாளியோடு ஏறி வந்தான். ரெண்டுபேரையும் பார்த்துவிட்டு மேல்படியிலேயே நின்றான்.

“நீ எதுக்குலேய் வாளியத் தூக்கிட்டு வாறே?” என்றார் கிளீட்டஸ்.

“ஊத்தத்தான். கடைக்குப் போவதுக்கு முந்தி தெனமும் ஊத்துவேனே.”

“தெனமுமா?”

“அம்மை போன அஞ்சாம் நாளுலேந்து. நீங்க மறந்துடுவிய எண்ணு அக்காதான் சொன்னா. மத்தியானம் கூப்பிட்டுக் கேப்பா.”

“நான் மத்தியானம் ஊத்துறேனேலேய்.”

ஷிஜின் வாளியைப் பார்த்தான். “எனக்கென்ன தெரியும். மண்ணு எப்பவும் நனஞ்சு கெடக்கும். நான் ஊத்தினதுதான் நிக்குண்ணு இருந்தேன்.”

ரெண்டுபேரும் சிந்தியாவைப் பார்த்தார்கள். அவள் விரலில் இருந்த சேற்றை மறுகையால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்கத் துடைக்கப் பரவியது.

“ஆஸ்பத்திரியில மூணு ஷிப்டுக்கும் மருந்து எழுதி வைப்போம்” என்றாள். “ஒரு ஆளுக்கு ரெண்டு நர்ஸ் ஒரே மருந்தக் குடுத்துடக் கூடாதுண்ணு. அது எனக்குத் தெரியும். அதாக்கும் எனக்க வேலையே.”

“நீ என்ன செய்வ மக்கா. நீ கேக்கத்தானே செஞ்ச.”

“வேற என்னத்தக் கேப்பேன்? சாப்பிட்டியளாண்ணு கேட்டா நீங்க பொய் சொல்லுவிய. ஒறங்குனியளாண்ணு கேட்டாலும் பொய்தான். அம்மைய நெனச்சியளாண்ணு கேட்டா ரெண்டுபேரும் போன வச்சுட்டுப் போவோம். இது ஒண்ணுக்குத்தான் ஆமாண்ணு ஒரு பதில் வந்துச்சு.”

கிளீட்டஸ் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். இதற்குமேல் அவரால் அந்தச் செடிகளுக்கு நடுவில் நிற்க முடியவில்லை.

“மக்கா, இது ஒண்ணும் அம்மைக்கது இல்ல. போன வாரம் வாங்கினது.”

“தெரியும்.”

“எப்போ?”

“ஆகஸ்டுல இவன் அனுப்பின படத்துல தாணம்மாள் அத்தைக்க ரப்பர் ஷீட் தொங்குது. புத்திசாலி.”

ஷிஜின் தலையைக் குனிந்துகொண்டான். மொபைல் கடையில் வேலை செய்கிறவன், படத்தின் ஓரத்தை வெட்டி அனுப்பத் தெரியாமல் போனதில் அவனுக்கு ஒரு தனி அவமானம் இருந்திருக்கும்.

“தெரிஞ்ச பெறகும் தெனமும் எதுக்குக் கேட்டே?” என்றார் கிளீட்டஸ்.

“கேக்காட்டி நீங்க சொல்லிடுவிய. எல்லாம் செத்துப்போச்சுண்ணு. அம்மைக்க பெட்டிய எறக்கினத நான் பாக்கல்ல. செடி போனதையும் போன்லயே கேக்க எனக்குப் பெலன் இல்ல அப்பா.”

“நான் வெறும் மண்ணுக்கு ஊத்தினேன் மக்கா. மூணு மாசம்.”

அப்போதுதான் அவள் அழுதாள். சத்தமில்லாமல், வாயைத் திறந்துகொண்டு. கிளீட்டஸுக்குப் பிள்ளைகளை எப்படித் தேற்றுவது என்று தெரியாது. அதெல்லாம் குளோரி செய்கிற வேலை. அவர் இடுப்பிலிருந்து மீன் வெட்டும் சின்னக் கத்தியை எடுத்து, பெட்டியைச் சாய்த்து, டேப்பின் ஓரத்தில் கொடுத்தார். வரவில்லை. அவர் ஒட்டியது எப்போதும் அப்படிச் சுலபமாக வராது. நகத்தால் சுரண்டி, கத்தியால் நெம்பி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார்.

கறுத்த தண்ணீர் ஏழு ஓட்டையிலும் ஒரேசமயத்தில் வந்தது. ஓடையின் அடிச்சேற்று நாற்றம். அவர் காலில் பட்டு, சிந்தியாவின் பாவாடையை நனைத்து, தரையில் பரவி, மழைக்குழாயைத் தேடிப் போனது. அடுத்த பெட்டி. அதற்கடுத்தது. பதினேழையும் பிரிக்க முக்கால் மணி நேரம் ஆனது. சிந்தியா ஓரத்தைப் பிடித்துச் சாய்த்துக் கொடுத்தாள்.  தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. அது எந்த மாதத்துத் தண்ணீர், அதில் யார் ஊற்றியது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல ஆள் இல்லை.

ஷிஜின் அந்த முக்கால் மணி நேரமும் வாளியைக் கீழே வைக்கவில்லை. கை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றான். கடைசிப் பெட்டியும் சொட்டி நின்றபிறகு, “இத என்ன செய்ய அப்பா?” என்றான்.

கிளீட்டஸ் மகளைப் பார்த்தார். அவளுக்கும் தெரியவில்லை.

“கீழ கொண்டுபோ மக்கா” என்றார் மகனிடம்.

அவன் நிறைந்த வாளியோடு, சிந்தாமல், ஒவ்வொரு படியாக இறங்கிப் போனான்.